32 மில்லி செகண்ட் தாமதம்: வீட்டு அறையில் ஒரு பாட்டைப் பதிவு செய்த அனுபவம்

நேற்று இரவு பாட்டை ரெண்டர் செய்து, அதாவது ஒரே ஒலிக்கோப்பாக்கி, முடித்தேன். 3 நிமிடம் 40 விநாடி. ஒரு குரல், ஓர் அகூஸ்டிக் கிட்டார், கீபோர்டில் வாசித்த பேஸ், ஒரு ஷேக்கர். காலப்பிரமாணம் நிமிடத்துக்கு 84 அடி (பீட்). இத்தனை எளிய பாட்டைப் பதிவு செய்ய எனக்கு நான்கு மாதம் பிடித்தது. முதல் இரண்டு மாதம், தவறு என் தாளத்தில்தான் இருக்கிறது என்று நம்பியே கழிந்தது. அது வேறு இடத்தில் இருந்தது. எப்படிக் கண்டுபிடித்தேன், அதற்குப் பின் என்ன செய்தேன் என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன்.

தொடங்கும்போது கையில் இருந்தவை: லேப்டாப், ஒரு யூ.எஸ்.பி. மைக், லேப்டாப்பில் நேரடியாகச் செருகிய ஹெட்ஃபோன். மென்பொருள் ரீப்பர். கிளிக்கை (தாளம் காட்டும் டிக்-டிக் ஒலியை) கேட்டபடி முதலில் கிட்டாரைப் பதிந்தேன். பிறகு கிட்டாரைக் கேட்டபடி குரல். இந்த முறையில் தப்பில்லை, இப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

ஆனால் போட்டுக் கேட்டால் குரல் தாளத்துக்குப் பின்னால் நடந்து வந்தது. பல்லவியில் சற்றுச் சோம்பலாகப் பாடியதுபோல் இருக்கும். கடைசிச் சரணத்துக்கு வரும்போது யாருக்கும் தெரியும் அளவுக்குப் பின்தங்கியிருக்கும். மறுபடி பாடினேன். மொத்தம் 31 டேக் (ஒருமுறை பாடிப் பதிவது ஒரு டேக்). வேண்டுமென்றே முந்திப் பாடிப் பார்த்தேன், பாட்டில் உயிரே போய்விட்டது. மூன்று வாரம் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு கைதட்டிப் பயிற்சி செய்தேன். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் ஒவ்வொரு வரியையும் வெட்டி, காதால் கேட்டு, முன்னால் நகர்த்தத் தொடங்கினேன். அந்த வேலையில்தான் முதல் துப்பு கிடைத்தது. அதை அப்போது நான் கவனிக்கவில்லை. பல்லவி வரிகளைக் கொஞ்சமாக நகர்த்தினால் போதும். பாட்டு போகப் போக நகர்த்த வேண்டிய தூரம் கூடிக்கொண்டே போனது. மனிதன் தாளம் தவறினால் ஒரு வரியில் முந்துவான், ஒரு வரியில் பிந்துவான். இப்படிச் சீராகப் பிந்த மாட்டான்.

தாள வாத்தியம் வாசிக்கும் நண்பன் ஒருநாள் வந்தான். ரெக்கார்டிங்கை ஓரமாக வைத்துவிட்டு நேரில் பாடச் சொன்னான். தொடையில் தட்டிக்கொண்டே முழுப் பாட்டையும் கேட்டான். "டேய், நீ எங்கேயும் விடலையே. சரியா சமத்துக்கு வந்து நிக்கிற. அந்தப் பெட்டிய சோதிச்சுப் பாரு" என்றான்.

சோதித்தேன். 220 விநாடிக்கு வெறும் கிளிக் டிராக் ஒன்றை ஓட்டி, ஹெட்ஃபோனின் ஒரு காதை மைக்கின் வலைமேல் அழுத்திப் பிடித்து, அந்தக் கிளிக்கையே புதிய டிராக்கில் பதிந்தேன். பாடகரும் இல்லை, கையும் இல்லை. இரண்டு டிராக்கும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்த வேண்டும். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் முதல் கிளிக் 1,536 சாம்பிள் (கணினி ஒலியை அளந்துவைக்கும் மிகச் சிறு துண்டு) பிந்தியிருந்தது. விநாடிக்கு 48,000 சாம்பிள் என்ற கணக்கில் அது 32 மில்லி செகண்ட். கடைசிக் கிளிக் 2,208 சாம்பிள், அதாவது 46 மில்லி செகண்ட். 84 அடி வேகத்தில் ஓர் அடியின் கால் பங்கு 178 மில்லி செகண்ட்தான். பாட்டு முடியும்போது குரல் அதிலும் கால் பங்குக்கு மேல் பிந்தியிருக்கிறது. காதுக்கு இது நன்றாகவே தெரியும்.

இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருந்தன. ஒலி உள்ளே வந்து வெளியே போக எடுக்கும் நேரத்தை டிரைவர் (ஒலிக் கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்) பதிவு மென்பொருளுக்குச் சொல்ல வேண்டும். அது தப்பாகச் சொன்னதால் தொடக்கத்திலேயே 32. அதன்பின் 14 மில்லி செகண்ட் கூடியதற்குக் காரணம் இரண்டு கடிகாரங்கள். மைக்குக்குள் ஒரு படிகம் அதன் போக்கில் 48,000 எண்ணுகிறது, லேப்டாப்பின் ஒலிச் சில்லு தன் போக்கில் எண்ணுகிறது. லட்சத்துக்கு ஆறு வித்தியாசம் இருந்தாலே நான்கு நிமிடத்துக்குள் இவ்வளவு விலகல் வந்துவிடும். முதல் கோளாறை எண் போட்டுத் திருத்தலாம். இரண்டாவதை அப்படித் திருத்த முடியாது. உள்ளே வரும் ஒலியும் வெளியே போகும் ஒலியும் ஒரே கருவி வழியாகப் போக வேண்டும்.

ஆகவே மைக்கையும் ஹெட்ஃபோனையும் கணினியோடு இணைக்கும் ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். பார்த்தது நான்கே விஷயம்: இரண்டு உள்ளீடு, கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் ஃபேன்டம் பவர், தாமதத்தைக் குறைக்க தயாரிப்பாளர் தரும் சொந்த ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர், பாடும்போது என் குரலைக் கணினியைச் சுற்றாமல் நேராகக் கேட்க ஒரு டைரக்ட் மானிட்டர் பொத்தான். அதோடு எக்ஸ்.எல்.ஆர். கேபிளில் இணையும் கார்டியாய்ட் கண்டென்சர் மைக் ஒன்று, மூடிய காது ஹெட்ஃபோன் ஒன்று.

இந்த முறை பாட்டைத் தொடுவதற்கு முன் சோதனை. இன்டர்ஃபேஸின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு சிறிய கேபிள். கிளிக்கை வெளியே அனுப்பி, அதே கிளிக்கை உள்ளே வாங்குவது. முதல் முயற்சியில் பதிவு டிராக்கின் மானிட்டரை (உள்ளே வரும் ஒலியை உடனே வெளியே ஒலிக்கவிடும் வசதியை) அணைக்க மறந்தேன். ஒலி சுற்றிச் சுற்றி ஏறிப் பெரிய வீச்சாக வந்தது. ஹெட்ஃபோன் கழுத்தில் கிடந்ததால் காது தப்பியது. செய்பவர்கள் மானிட்டரை அணைத்து, ஹெட்ஃபோன் ஒலியளவை முழுதாக இறக்கி, அதைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

விடை: 61 சாம்பிள், 1.27 மில்லி செகண்ட். தொடக்கத்திலும் முடிவிலும் அதே 61. ரீப்பரின் ரெக்கார்டிங் அமைப்புகளில் கையால் ஆஃப்செட் (தாமதத்துக்கான ஈடு) கொடுக்கும் இடம் இருக்கிறது. 61 என்று போட்டு மறுபடி ஓட்டினேன். அலைவடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தன. அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பஃபர் (கணினி ஒருமுறையில் சேர்த்துக் கையாளும் ஒலியின் அளவு) 64 சாம்பிளில் இருந்தபோது ஒலி பொரிந்தது, 128-இல் நின்றது. பதிவுக்கு 128, மிக்ஸிங்குக்கு 1,024 என்று வைத்துக்கொண்டேன். அன்று மாலை குரலைப் பதிந்தேன். நான்காவது டேக் தாளத்தில் உட்கார்ந்தது.

தாளம் சரியானதும் அதுவரை மறைந்திருந்த அடுத்த குறை காதில் விழுந்தது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் பொள்ளலாக இருந்தது. ஈக்யூவில் (உச்ச, நடு, அடி ஒலிகளைத் தனித்தனியே ஏற்றி இறக்கும் கருவி) அங்கே இங்கே வெட்டிப் பார்த்தேன். ஓர் இடம் சரியானால் இன்னோர் இடம் கெட்டது. பிறகு 2.5 செ.மீ. தடிமனுள்ள ஃபோம் தகடுகளை வாங்கி மூன்று சுவர்களில் ஒட்டினேன். அறையில் கைதட்டினால் கேட்ட 'டிர்ர்' ஓசை அடங்கியது. குரலோ பொள்ளலோடு மந்தமாகவும் ஆனது. அவ்வளவு மெல்லிய ஃபோம் உச்ச ஒலிகளைத்தான் விழுங்கும். தொந்தரவு கொடுத்த நடு ஒலிகளை அது தொடவே இல்லை.

காரணம் மேசை. அதன்மேல் ஸ்டாண்டை வைத்து, மைக்குக்கு 30 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தேன். வாயும் மைக்கும் மேசைப் பலகைக்கு 30 செ.மீ. உயரத்தில். குரல் மைக்குக்கு நேராக 30 செ.மீ. போகிறது. மேசையில் பட்டுத் திரும்பும் குரல் 67 செ.மீ. போகிறது. 37 செ.மீ. வித்தியாசம், ஒரு மில்லி செகண்டுக்குச் சற்றுக் கூடுதலான தாமதம். ஒரே குரல் அந்தச் சிறு இடைவெளியில் தன்மேல் தானே விழும்போது சுமார் 460, 1,390, 2,300 ஹெர்ட்ஸில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சீப்பின் பற்கள்போல் இடைவெளி விட்டு விட்டு வரும் இந்தப் பள்ளங்களை ஈக்யூவால் நிரப்ப முடியாது. தடித்த கம்பளி ஒன்றை நான்காக மடித்து மேசையில் விரித்தேன். ஒரே வரியை முன்னும் பின்னும் பாடிக் கேட்டேன். பாதிப் பொள்ளல் போயிருந்தது. ஃபோமுக்குச் செய்த செலவு முழுக்க வீண் என்று அப்போதுதான் உறைத்தது. அந்தச் செலவில் தரையில் நிற்கும் நல்ல மைக் ஸ்டாண்டே வாங்கியிருக்கலாம். பிறகு அதை வாங்கவும் செய்தேன்.

மீதிப் பாதிக்கு, எழுந்து நின்று மேசையை விட்டு விலகினேன். கார்டியாய்ட் மைக் தன் முதுகுப் பக்கத்தை அவ்வளவாகக் கேட்காது. அது பார்ப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். நானோ மைக்குக்குப் பின்னால் ஃபோம் ஒட்டி, என் முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரை விட்டிருந்தேன். தலைகீழ் வேலை.

என் முதுகுப் பக்கத்துக்கு இரண்டு தடுப்புகள் செய்தேன். 120 செ.மீ. உயரம், 60 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழத்தில் மரச் சட்டம். உள்ளே ராக்வூல் (கல் நார்) பலகை, கன மீட்டருக்கு 60 கிலோ அடர்த்தி. மேலே துணி, ஸ்டேப்பிள் கன்னால் இழுத்து அடித்தது. ரம்பம், ஸ்க்ரூ டிரைவர், மூலை மட்டம் போதும். ராக்வூல் துகள் தோலில் அரிக்கும். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம் வேண்டும். முதல் தடுப்புக்கு நான் போட்ட துணி பின்புறம் பிளாஸ்டிக் பூசியது. ஒலி உள்ளே போகாமல் திரும்பியது. பிரித்து மறுபடி போர்த்தினேன். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தாராளமாகப் போனால் ஒலியும் போகும். இரண்டையும் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்தினேன், அந்த இடைவெளியும் சேர்ந்து வேலை செய்கிறது. ஒரு தடுப்புக்கு நான்கு மணி நேரம் ஆனது. நான்கு மாதத்தில் செய்தவற்றிலேயே ஒலியை அதிகம் மாற்றியது இந்த எட்டு மணி நேர வேலைதான் என்பேன்.

கிட்டாருக்கு வேறு சிக்கல். சத்தம் எங்கிருந்து வருகிறதோ அங்கே மைக்கை வைக்க வேண்டும் என்று நினைத்து வட்டத் துளைக்கு நேரே வைத்திருந்தேன். குமுறல் தாங்கவில்லை. 12ஆம் ஃப்ரெட்டுக்கு (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) நேரே 30 செ.மீ. தூரத்தில் வைத்து, உடல் பக்கமாகச் சற்றுத் திருப்பியதும் தந்தி தெளிந்தது. ஆனாலும் ஐந்தாம் தந்தியைத் திறந்து மீட்டினால் மட்டும் அறையே கூடச் சேர்ந்து முழங்கியது. சுவர்களை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறோமோ அவ்வளவு நல்லது என்று அறையின் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தேன். என் அறை 3 மீட்டர் அகலம், 3.6 மீட்டர் நீளம். 3 மீட்டர் அகலத்துக்கு 114 ஹெர்ட்ஸில் ஓர் ஒத்ததிர்வு உண்டு. அதன் அழுத்தம் உச்சத்தில் இருப்பது இரு சுவர்களிலும் நடுவிலும். ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸ். பக்கச் சுவரிலிருந்து 75 செ.மீ., அதாவது அகலத்தில் கால் பங்கு, அங்கே அந்த அழுத்தம் கிட்டத்தட்ட இல்லை. நாற்காலியையும் மைக்கையும் அங்கே நகர்த்தினேன். முழக்கம் அடங்கியது. நாற்காலியின் நான்கு கால்களுக்கும் ஸ்டாண்டுக்கும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வைத்தேன்.

பழைய யூ.எஸ்.பி. மைக்கையும் கிட்டாருக்கு இரண்டாவதாக வைக்க ஆசைப்பட்டேன். அதே இரண்டு கடிகாரச் சிக்கல் திரும்ப வந்தது. கைவிட்டேன்.

அளவு பற்றி ஒன்று. மீட்டர் சிவப்பைத் தொடும்வரை ஏற்றிப் பதிய வேண்டும் என்று எங்கோ படித்தது மனதில் நின்றுவிட்டது. அப்படிப் பதிந்த டேக் ஒன்றில் இரண்டாம் சரணத்தின் மேல்ஸ்தாயி வரி மிக நன்றாக வந்தது, ஆனால் கிளிப் ஆகி, அதாவது அளவு எல்லை மீறி, உடைந்து போனது. மீட்கவே முடியவில்லை. அதைப்போல் மறுபடி பாடவும் முடியவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. 24 பிட்டில் பதியும்போது உச்சம் மைனஸ் 12 டெசிபெல் (0-தான் எல்லை) பக்கம் இருந்தாலே தாராளம். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடி அளவை வைத்துவிட்டு, அதிலிருந்து இன்னும் 3 டெசிபெல் இறக்கிவிடுகிறேன். சூடு பிடித்ததும் குரல் எப்படியும் ஏறும்.

பேஸ் கீபோர்டில் வாசித்து மிடியாக (ஒலியாக அல்லாமல், எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம் என்ற குறிப்பாக) பதிந்தது. எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில், 127-க்கு 100 என்று இருந்ததால் பொம்மைபோல் ஒலித்தது. 70-லிருந்து 100 வரை கையால் ஏற்றி இறக்கினேன். குவான்டைஸை (சுரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுக்கும் வசதி) 100 சதவீதம் போட்டபோது கிட்டாரோடு ஒட்டவில்லை, 60-இல் ஒட்டியது. ஷேக்கரை மைக்கிலேயே பதிந்தேன், இரண்டே டேக்.

மிக்ஸிங்கில் முதல் வாரம் பிளக்-இன் (ஒலியை மாற்றும் சிறு நிரல்) அடுக்கியே போயிற்று. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் ஃபேடர்களை (ஒலியளவுத் தள்ளிகளை) மட்டும் வைத்து நான்கு டிராக்கையும் சமன் செய்தபோதுதான் பாட்டு பாட்டாகக் கேட்டது. அதன்பின் போட்டவை கொஞ்சம்தான். குரலில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. 3-க்கு 1 விகிதத்தில் கம்ப்ரஸர், உரத்த இடங்களில் 4 டெசிபெல் வரை அமுங்கும்படி. 'ச' ஓசை கீறும் 6 கிலோஹெர்ட்ஸ் பக்கம் லேசாக டீ-எஸ்ஸர். ரிவர்ப் (கூடத்தின் எதிரொலி போன்ற முழக்கம்) ஒன்று, 25 மில்லி செகண்ட் முன்தாமதத்தோடு. தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஏற்றி, அங்கிருந்து 3 டெசிபெல் இறக்கினேன்.

இரவில் ஹெட்ஃபோனில் பலமாக வைத்து முடித்த மிக்ஸ் காலையில் ஃபோன் ஸ்பீக்கரில் பேஸே இல்லாமல் கேட்டது. ஒலி பலமாக இருக்கும்போது காது அடி ஒலியைக் கூட்டிக் கேட்கும். அந்த நம்பிக்கையில் பேஸைக் குறைத்துவிட்டிருந்தேன். ஃபோன் ஸ்பீக்கரோ அவ்வளவு கீழே போகவே போகாது. ஒலியளவை ஏற்றிப் பயனில்லை. பேஸில் மெல்லிய சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைப்பது) போட்டதும் அதன் மேல் இசைக்கூறுகள் எழுந்து ஃபோனிலும் வரி தெரிந்தது. இப்போது, பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்குத் தணிவாக வைத்துத்தான் மிக்ஸ் செய்கிறேன். ஒருமுறை மோனோவிலும் கேட்டுவிடுகிறேன்.

மாஸ்டரிங்கில் (வெளியிடுவதற்கு முன் போடும் கடைசி மெருகில்) முதலில் பேராசை. உச்சங்களை அமுக்கும் லிமிட்டரை நெருக்கி மைனஸ் 8 லஃப்ஸுக்கு (பாட்டின் மொத்த உரப்பை அளக்கும் அலகு) தள்ளினேன். கிட்டாரின் தட்டல் எல்லாம் தட்டையாயிற்று. ஸ்பாட்டிஃபை இயல்பு நிலையில் மைனஸ் 14 லஃப்ஸுக்குச் சமப்படுத்தித்தான் ஒலிக்கவிடுகிறது. நெருக்கிய பாட்டு அங்கே இறக்கப்படும், தட்டையானது தட்டையாகவே நிற்கும். மைனஸ் 14-க்குச் சற்று மேலே, உச்சம் மைனஸ் 1 டெசிபெல் ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) என்று விட்டுவிட்டேன். மூச்சு விடும் இடமெல்லாம் திரும்பி வந்தது.

செலவில் பெரும்பகுதி இன்டர்ஃபேஸுக்கும் மைக்குக்கும் போனது. தடுப்புகள் இரண்டும் சேர்ந்து மைக்கின் விலையில் பாதிகூட ஆகவில்லை. வீணானது ஃபோமும், வாங்கிப் பயன்படுத்தாத இரண்டு பிளக்-இன்களும். மறுபடி தொடங்கினால் முதலில் இன்டர்ஃபேஸும் கேபிளும், அடுத்து தரை ஸ்டாண்டும் தடுப்புகளும் வாங்குவேன். மைக்கைக் கடைசியில்தான் தேர்ந்தெடுப்பேன். ஒவ்வொரு டேக்குக்கும் முன் சுருதி பார்ப்பேன். இந்தப் பாட்டில் ஆறாம் தந்தி மெல்ல இறங்கியதைக் கவனிக்காமல் ஒரு மதியம் முழுதும் போயிற்று. புதுத் தந்தி போட்ட அன்றே பதிவுக்கு உட்கார்ந்ததன் பலன் அது.

தரையில் டேப் அப்படியே ஒட்டியிருக்கிறது. அடுத்த பாட்டுக்கு ஆறாம் தந்தியை டி-க்கு இறக்க வேண்டும், 73 ஹெர்ட்ஸ். அந்தச் சுரத்துக்கு இந்த அறை என்ன செய்யும் என்று நாளைக்கு ஒரு தந்தியை மட்டும் மீட்டிப் பார்க்கப் போகிறேன். நாற்காலியை மறுபடி நகர்த்த வேண்டியிருக்கலாம்.